கூடுவது எதற்காக?

களியக்காவிளையிலிருந்து திருவனந்தபுரம் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில், மாநில எல்லையைக் கடந்ததும் பாறசாலை வருகிறது. அதற்கு அப்பால் நெய்யாற்றின்கரை. 1956 நவம்பர் 1 அன்று மாநிலங்கள் திருத்தியமைக்கப்பட்டபோது, விளவங்கோடு வட்டம் அன்றைய சென்னை மாநிலத்தோடு இணைந்தது. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. ஆயினும் எல்லையோரச் சிற்றூர்களில் இன்றும் தமிழும் மலையாளமும் அடுத்தடுத்த வீடுகளில், சில வேளைகளில் ஒரே வீட்டில், வழங்கி வருகின்றன.

அவ்வூர்களில் வழங்கும் இரண்டு சொற்கள் சாதகனின் சிந்தனைக்கு உரியவை. ஒன்று 'அம்பலம்'. தமிழில் அது ஊர் கூடும் பொதுவிடத்தைக் குறிக்கும். மறைத்து வைத்த செய்தி வெளிப்பட்டால் 'அம்பலமாகிவிட்டது' என்கிறோம். இறைவன் ஆடும் தில்லை மன்றமும் அம்பலமே. மலையாளத்திலோ அச்சொல்லுக்குக் கோயில் என்பதே பொருள். மற்றொன்று 'யோகம்'. தமிழர் அதனைப் பதஞ்சலி முனிவர் வகுத்த சாதனைக்கோ, எதிர்பாராது வாய்த்த நற்பேற்றுக்கோ வழங்குவர். மலையாளத்தில் கூட்டத்துக்கும் யோகம் என்றே பெயர். மாலையில் யோகம் உண்டு என்று எல்லைப்புறத்தில் ஒருவர் சொன்னால், ஊரார் கூடிப் பேசப்போகின்றனர் என்று பொருள்.

இவ்விரு சொற்களையும் சேர்த்துப் பார்த்தால் ஓர் உயர்ந்த கருத்து விளங்கும். மக்கள் கூடும் இடம் இறைவன் உறையும் இடம். மக்கள் ஒன்றுகூடுவதே ஒரு யோகம். யோகம் என்னும் சொல்லின் வேர் 'யுஜ்'. இணைத்தல் என்பது அதன் பொருள். ஆனால் கூடுகின்ற கூட்டம் எல்லாம் யோகம் ஆகிவிடுமா? இதுவே நாம் இங்கு ஆராய வேண்டுவது.

தனிமையும் துணையும்

மனிதன் ஏன் கூட்டத்தை நாடுகிறான்? பிருஹதாரண்யக உபநிஷதத்தின் முதல் அத்தியாயம் இதற்கு விடை தருகிறது. படைப்பின் தொடக்கத்தில் பிரஜாபதி தனித்திருந்தான், அஞ்சினான். தன்னையன்றி வேறொன்றும் இல்லாதபோது எதற்கு அஞ்சுவது என்று ஆராய்ந்தான், அச்சம் அகன்றது. அதன் பின்னும் அவனுக்கு மகிழ்ச்சி உண்டாகவில்லை. ஆகவே துணையை விரும்பினான். அதனால்தான் இன்றும் தனித்திருப்பவன் அஞ்சுகிறான், தனித்திருப்பவன் மகிழ்வதில்லை என்கிறது உபநிஷதம்.

மனிதர் கூடுவதற்கான இரு பெருங்காரணங்கள் இங்கே சொல்லப்பட்டுள்ளன. ஒன்று அச்சம், மற்றொன்று இன்ப நாட்டம். இரண்டுக்கும் வேர் ஒன்றே. 'நான் குறையுடையவன்' என்னும் எண்ணம். ஆனால் அச்சம் துணை கிடைத்ததனால் நீங்கவில்லை, ஆராய்ச்சியால் நீங்கிற்று என்பதை ஊன்றி நோக்க வேண்டும். பிறரோடு கூடுவதால் அச்சம் சற்று மறையும். தன்னை அறிவதால் மட்டுமே அழியும். அவ்வறிவை நாடிக் கூடுவது மூன்றாவது வகை. இவற்றோடு, பிறர் நலத்துக்கான கடமையை நிறைவேற்றக் கூடுவதையும் சேர்த்தால், அச்சம், மகிழ்ச்சி, கடமை, ஞானம் என நான்கு வகைக் கூட்டங்கள் நமக்குக் கிடைக்கின்றன.

நால்வகைக் கூட்டங்கள்

முதலாவது, அச்சத்திலும் துயரிலும் கூடுவது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வீசியபோது, பொழியூர், கொல்லங்கோடு, தூத்தூர் முதலிய எல்லைக் கடற்கரை ஊர்களிலிருந்து ஆழ்கடலுக்குச் சென்ற மீனவர் பலர் திரும்பவில்லை. கரையில் காத்திருந்த குடும்பங்களை யாரும் அழைத்துக் கூட்டவில்லை. தனியாக அந்தத் துயரைத் தாங்க இயலாமையே அவர்களை ஒன்றுசேர்த்தது. இத்தகைய கூட்டத்தை எவரும் தாழ்வாக எண்ணலாகாது. ஆயினும் அச்சத்தில் கூடியவர்கள் அச்சம் தணிந்ததும் கலைந்துவிடுவர் என்பது இதன் இயல்பு.

இரண்டாவது, மகிழ்ச்சிக்காகக் கூடுவது. இதன் மிக அழகிய வடிவம் திருவிழா. ஆண்டுதோறும் நவராத்திரிக்கு முன், பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதி தேவியும் வேளிமலைக் குமாரசுவாமியும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் திருவனந்தபுரத்துக்கு எழுந்தருள்கின்றனர். முதல் இரவு குழித்துறையிலும் மறு இரவு நெய்யாற்றின்கரையிலும் தங்கல். களியக்காவிளையில் தமிழ்நாட்டு அதிகாரிகள் விடைகொடுக்க, கேரள அதிகாரிகள் வரவேற்கின்றனர். பாறசாலைச் சாலையோரங்களில் நிறைபறையும் விளக்குமாக மக்கள் நிற்கின்றனர். அவ்வேளையில் இரு மாநிலத்தாரும் ஒரே ஊரார் ஆகிவிடுகின்றனர்.

மூன்றாவது, கடமைக்காகக் கூடுவது. ஊரின் காரியத்தை ஆராய்ந்து முடிவு செய்யும் சபையும், நீதி கேட்டுத் திரளும் மக்களும் இவ்வகையினர். 1938 ஆகஸ்டு 31 அன்று, திருவிதாங்கூரில் பொறுப்பாட்சி கோரிய போராட்டத்தின்போது, நெய்யாற்றின்கரையில் திரண்ட மக்கள்மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. வீரராகவன் முதலானோர் உயிர்நீத்தனர். தம் நலத்தை மறந்து பொது நலத்துக்காக நின்றோரின் கூட்டம் அது.

நான்காவது, ஞானத்துக்காகக் கூடுவது. இதனையே சத்சங்கம் என்கிறோம். 'சத்' என்பது என்றும் உள்ள பொருள். அதனோடு கூடும் கூட்டம் சத்சங்கம். நல்லவர் நால்வர் ஓரிடத்தில் அமர்ந்துவிடுவதனால் மட்டும் அது அமைந்துவிடாது.

முன்னோர் கண்ட அவைகள்

ரிக்வேதம் மக்கள் ஒன்றுகூடிச் செல்லவும், ஒத்துப் பேசவும், மனம் ஒன்றவும் வேண்டும் என்னும் பிரார்த்தனையோடு நிறைவுறுகிறது. அதர்வவேதம் சபை, சமிதி ஆகிய இரண்டையும் பிரஜாபதியின் புதல்வியர் என்று போற்றுகிறது. திருவள்ளுவர் 'அவையறிதல்', 'அவையஞ்சாமை' என்று இரண்டு அதிகாரங்களை அவைக்கென ஒதுக்கினார். உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழனின் காலத்தில், கி.பி. 919, 921-ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள், குடவோலை முறையில் வாரியங்களுக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுத்த விதத்தை விரிவாகக் கூறுகின்றன. முன்பு பொறுப்பு வகித்துக் கணக்குக் காட்டாதவன் மட்டுமன்றி, அவனுடைய உறவினரும் தகுதி இழந்தனர். பொதுக்காரியத்தில் நேர்மையை நம் முன்னோர் எவ்வளவு கண்டிப்பாகக் காத்தனர் என்பதற்கு இது சான்று. அதே வேளையில், நிலமும் சொந்த மனையும் வேதக்கல்வியும் உடையவரே அங்கே இடம்பெற முடிந்தது என்பதையும் நாம் மறைக்கலாகாது. அவை சிறந்ததாயினும் அதன் வாசல் குறுகியதாகவே இருந்தது.

வாசலைப் பற்றி மகாபாரதம் ஒரு கதை சொல்கிறது. ஜனகரின் வேள்விச் சபைக்கு அஷ்டாவக்கிரர் சிறுவராக வந்தபோது, வாயிற்காவலன் அவரைத் தடுத்தான். முதியோருக்கும் கற்றோருக்குமே அனுமதி என்றான். நரைத்த தலை ஒருவனை முதியவன் ஆக்குவதில்லை, அறிவே முதுமை என்று அச்சிறுவர் எடுத்துரைத்து உள்ளே சென்று, சபையின் பெரும் வாதியை வென்றார். வாசலில் நிறுத்தப்பட்டவரே அவைக்கு அணியானார். அதே இதிகாசத்தில், பெரியோர் நிறைந்திருந்த மற்றோர் அவையில் திரௌபதி நீதி கேட்டாள். பீஷ்மரும் துரோணரும் அங்கு இருந்தனர். ஆயினும் அவளுக்கு நீதி கிடைக்கவில்லை. பெரியோர் இருப்பது மட்டும் ஓர் அவையை உயர்த்திவிடாது என்பதற்கு இதைவிடக் கடுமையான சான்று வேண்டியதில்லை.

1888: ஓர் ஆண்டு, இரண்டு தொடக்கங்கள்

திருவிதாங்கூர் வரலாற்றில் 1888 சிறப்பான ஆண்டு. அவ்வாண்டில் ஸ்ரீமூலம் திருநாள் மகாராஜா எட்டு உறுப்பினர் கொண்ட சட்டமன்றம் ஒன்றை நிறுவினார். இந்தியச் சமஸ்தானங்களில் இதுவே முதலாவது. அதே ஆண்டின் மகாசிவராத்திரியன்று, நெய்யாற்றின்கரைக்கு அருகே அருவிப்புறத்தில் நெய்யாற்றின் கரையில் வேறொரு கூட்டம் கூடியது. அங்கே அரச ஆணை இல்லை, மண்டபம் இல்லை. ஆலயங்களின் உள்ளே செல்ல உரிமையற்றிருந்த எளிய மக்கள் அவர்கள். அவர்கள் நடுவே ஸ்ரீ நாராயண குருதேவர் ஆற்றில் மூழ்கி ஒரு கல்லை எடுத்து வந்து, அதனைச் சிவலிங்கமாகப் பிரதிஷ்டை செய்தார்.

இதற்கு முன் குருதேவர் மருத்துவாழ்மலைக் குகையில் தனிமையில் தவம் இயற்றியவர். அச்சம் அற்றவர், தமக்கென எதுவும் வேண்டாதவர். உபநிஷதம் கூறிய இரு காரணங்களில் ஒன்றும் அவருக்கு இல்லை. பின் ஏன் மக்களிடையே வந்தார்? தாம் பெற்றது வாசலுக்கு வெளியே நிற்பவருக்கும் உரியது என்று அவர் கண்டார். தேவையினால் கூட்டத்தை நாடுவது ஒன்று. நிறைவினால் கூட்டத்தை நாடுவது மற்றொன்று. மகான்கள் கூடுவது நிறைவினால். சாதி வேறுபாடும் சமயப் பகையும் இன்றி மாந்தர் உடன்பிறந்தோராய் வாழ்வதற்கு இவ்விடம் ஓர் எடுத்துக்காட்டு என்னும் கருத்துடைய வாசகத்தை அவர் அருவிப்புறத்தில் எழுதுவித்தார். அந்தக் கோயிலுக்கு அவர் இட்ட வாசல் இதுவே.

அதன்பின் நடந்தவை நமது பாடத்துக்கு இன்னும் இன்றியமையாதவை. வாவு நாளில் உணவிடுவதற்கென அங்கே ஒரு சிறு குழு அமைந்தது. வாவூட்டு யோகம் என்பது அதன் பெயர். அது வளர்ந்து அருவிப்புறம் க்ஷேத்திர யோகமாயிற்று. 1903-இல் அதிலிருந்து ஸ்ரீ நாராயண தர்ம பரிபாலன யோகம் உருவாயிற்று. குருதேவர் தலைவரானார், குமாரன் ஆசான் செயலாளரானார். இதனை உருவாக்குவதில் முன்னின்ற டாக்டர் பல்பு, 1892-இல் மைசூரில் சுவாமி விவேகானந்தரைச் சந்தித்தவர். ஆன்மிகப் பெரியார் ஒருவரை மையமாகக் கொண்டு மக்களை ஒன்றுதிரட்டுமாறு சுவாமிஜி அவருக்கு அறிவுரை கூறியதாகச் சொல்வர். பந்தியில் உணவு பரிமாறக் கூடியவர்கள், கல்விக்கும் தொழிலுக்கும் உரிமைக்கும் கூடும் பேரமைப்பாக வளர்ந்தனர்.

ஆனால் 1916-இல் குருதேவர் டாக்டர் பல்புவுக்கு ஒரு கடிதம் எழுதினார். யோகத்தின் தீர்மானங்கள் தாம் அறியாமல் நிறைவேறுவதையும், யோகத்தில் சாதிப்பெருமை வளர்ந்து வருவதையும் சுட்டிக்காட்டி, உள்ளத்தால் முன்பே விட்டுவிட்ட யோகத்தை இனிச் சொல்லாலும் செயலாலும் விட்டுவிடுவதாக அறிவித்தார். தாம் வித்திட்ட அமைப்பையே ஒருவர் விட்டு விலகுவது எளிதன்று. அந்த யோகம் செய்த நற்பணிகளைக் குருதேவர் அறியாதவர் அல்லர். ஆயினும், வெளியே நிறுத்தப்பட்டோருக்காகத் திறந்த ஒரு வாசலில், இன்னொருவரை நிறுத்தும் எண்ணம் தலைகாட்டியபோது அவரால் அதனை ஏற்க இயலவில்லை.

எட்டாண்டுகளுக்குப் பின், 1924-இல், மீண்டும் ஒரு சிவராத்திரியன்று ஆலுவா அத்வைத ஆசிரமத்தில் அவர் சர்வமத சம்மேளனத்தைக் கூட்டினார். சென்னை உயர்நீதிமன்ற நீதிபதியாக இருந்த சர் டி. சதாசிவ ஐயர் தலைமை தாங்கினார். வாதிட்டு வெல்வது இங்கு நோக்கமன்று, அறிவதும் அறிவிப்பதுமே நோக்கம் என்னும் கருத்தை அனைவரும் காணுமாறு எழுதி வைத்தனர். தாம் மறைந்த ஆண்டான 1928-இல், சிவகிரித் தீர்த்தாடனத்துக்கு அவர் அனுமதி அளித்தபோதும் இதே நோக்கையே வற்புறுத்தினார். வெறுமனே வந்து போவதால் பயனில்லை என்று கருதி, கல்வி, தூய்மை, இறைபக்தி, சங்கம், விவசாயம், வணிகம், கைத்தொழில், தொழில்நுட்பப் பயிற்சி ஆகிய எட்டினைப் பற்றியும் அறிந்தோரைக்கொண்டு உரையாற்றச் செய்யுமாறு கூறினார். திருவிழாத் திரளை ஞானக் கூட்டமாக மாற்றும் வழி இது.

இரண்டு வினாக்கள்

இவ்வரலாற்றிலிருந்து, எந்தக் கூட்டத்தையும் அளந்தறிய உதவும் இரண்டு வினாக்களை நாம் பெறலாம்.

முதல் வினா: வாசலில் எதை விட்டு வந்தோம்? பாதரட்சையை வெளியே விடுவது போல, நான் இன்னார், என் பதவி இது, என் கருத்தே சரி என்னும் எண்ணங்களையும் வெளியே விட்டு வந்தோமா? விடாமல் வந்தவன் ஆயிரம் பேர் நடுவிலும் தனியாகவே அமர்ந்திருக்கிறான். அவன் கேட்பது தன் குரலை மட்டுமே.

இரண்டாவது வினா: வாசலில் யாரை விட்டு வந்தோம்? யார் இங்கு வர விரும்பியும் வர இயலாமல் நிற்கின்றனர்? முதல் வினா சாதகனின் அகத்தைச் சோதிக்கிறது. இரண்டாவது அவன் அமர்ந்திருக்கும் சபையைச் சோதிக்கிறது. முதல் வினாவுக்கு நேர்மையாக விடை காணாதவர்களின் சபை இரண்டாவது வினாவில் தோற்றே தீரும். ஏனெனில், என்னுள் நான் விடாத பெருமையே இன்னொருவர் உள்ளே வருவதற்குத் தடையாகி நிற்கிறது.

மேற்சொன்ன எல்லைப்புறத்திலேயே இதற்குப் பல சான்றுகள் உண்டு. நெய்யாற்றின்கரைப் பகுதியைச் சேர்ந்த வெங்ஙானூரில் பிறந்தவர் அய்யன்காளி. பொதுச்சாலையில் வண்டியேறிச் செல்லவும், பள்ளியில் பிள்ளைகளைச் சேர்க்கவும் அவருடைய மக்களுக்கு உரிமை இல்லை. 1907-இல் அவர் சாதுஜன பரிபாலன சங்கத்தை நிறுவினார். ஊரூட்டம்பலம் பள்ளியில் பஞ்சமி என்னும் சிறுமியைச் சேர்க்க அவர் முயன்றபோது அப்பள்ளியே தீக்கிரையாயிற்று. சாலையிலும் பள்ளியிலும் தடுக்கப்பட்ட அவர், 1911-இல் ஸ்ரீமூலம் பிரஜா சபைக்கு உறுப்பினராக நியமிக்கப்பட்டு, தம் மக்களுக்கு நிலமும் கல்வியும் வேண்டினார். வாசலுக்கு வெளியே இருந்தவர் உள்ளே வந்தபோது, அதுவரை அந்தச் சபை கேளாத உண்மைகளைக் கேட்டது. 1936-இல் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வந்தது. அருவிப்புறத்தில் சிவராத்திரி இரவில் திறந்த வாசல், திருவிதாங்கூர் அரசின் ஆலயங்களில் திறப்பதற்கு 48 ஆண்டுகள் ஆயின.

இன்னொரு சான்று இசையைச் சார்ந்தது. முன்னர்க் கூறிய நவராத்திரி ஊர்வலம் திருவனந்தபுரத்தை அடைந்ததும், சரஸ்வதி தேவி நவராத்திரி மண்டபத்தில் எழுந்தருள்வாள். ஒன்பது மாலைகள் அங்கே இசை ஆராதனை நடைபெறும். கலைமகளின் சந்நிதியாயினும் அம்மண்டபத்தில் பெண்கள் பாடும் வழக்கம் இருந்ததில்லை. 2006-இல் அந்த வழக்கம் மாறியது. அங்கு முதன்முதலாகப் பாடிய பெண்மணி, பாறசாலையில் பிறந்த பி. பொன்னம்மாள். 1924-இல் பிறந்த அவருக்கு அப்போது வயது எண்பதைக் கடந்திருந்தது. அவர் பிறந்த ஊரின் வழியாக ஆண்டுதோறும் சரஸ்வதி தேவி அந்த மண்டபத்துக்குச் சென்றுகொண்டிருந்தாள். அவளைப் பாட அந்த மகளுக்கு அத்தனை ஆண்டுகள் ஆயின. 2017-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. 2021-இல் அவர் மறைந்தார். அவர் பாடியதனால் மரபு குன்றவில்லை, நிறைவுற்றது.

நமது சத்சங்கம்

நாடெங்கும் அன்பர்கள் வாரந்தோறும் கூடும் சத்சங்கங்களுக்கு இதிலிருந்து சில கடமைகள் பிறக்கின்றன.

வழக்கமாக வருபவர்கள் ஒருவரையொருவர் நன்கு அறிந்திருப்பர். அந்த அறிமுகம் இனியது. ஆனால் அதுவே நாளடைவில் மதில் ஆகிவிடக்கூடும். புதிதாக வந்தவர் கடைசி வரிசையில் அமர்ந்து, எவரும் பேசாமலே எழுந்து சென்று, மறுவாரம் வராமல் இருப்பது நாம் பலமுறை காணும் காட்சி. அவர் ஏன் வரவில்லை என்று கேட்பவர் எத்தனை பேர்? சுலோகம் சொல்லத் தெரியாதவர், கூலி வேலை முடித்துத் தாமதமாக வருபவர், படியேற முடியாத முதியவர், கைக்குழந்தையோடு வரத் தயங்கும் தாய் ஆகிய இவர்களெல்லாம் நமது வாசலில் நிற்பவர்கள். எவரும் அவர்களை வெளியேற்றவில்லை; எவரும் உள்ளே அழைக்கவுமில்லை.

மொழியும் ஒரு வாசலே. இரு மொழியினர் வாழும் ஊர்களில் இதனை மறத்தலாகாது. குருதேவர் மலையாளத்திலும் சமஸ்கிருதத்திலும் மட்டுமன்றித் தமிழிலும் தேவாரப் பதிகங்கள் இயற்றினார். திருக்குறளின் ஒரு பகுதியையும் ஒழிவிலொடுக்கத்தின் ஒரு பகுதியையும் மலையாளத்தில் தந்தார். எல்லைப்புறச் சத்சங்கத்தில் ஒரு மொழியில் நிகழும் உரையின் சாரத்தை முடிவில் ஐந்து நிமிடம் மற்ற மொழியில் கூறினால் போதும்; உள்ளே அமர்ந்தும் வெளியே இருந்தவர் உள்ளே வந்துவிடுவர். பெங்களூரிலும் மும்பையிலும் பல மொழியினர் கூடும் மையங்களுக்கும் இது பொருந்தும்.

பதவி பற்றிய சச்சரவு எழும்போது, 1916-ஆம் ஆண்டுக் கடிதத்தை நினைவுகூர்தல் நலம். அமைப்பு வளர்கிறது என்பதனால் நோக்கமும் வளர்கிறது என்று எண்ணிவிடலாகாது. எந்தப் பெருமையை அழிக்கக் கூடினோமோ அந்தப் பெருமையே வேறு பெயரில் நம்மிடையே அமர்ந்திருக்கிறதா என்று ஆண்டுக்கு ஒருமுறையேனும் கணக்குப் பார்க்க வேண்டும். உத்திரமேரூரார் பணத்துக்குக் கேட்ட கணக்கை நாம் மனத்துக்கும் கேட்போமாக.

பிரஜாபதி துணையைத் தேடியதாகச் சொன்ன அதே உபநிஷதம், இரண்டாவது ஒன்று இருப்பதாக எண்ணும்போதுதான் அச்சம் உண்டாகிறது என்றும் சொல்கிறது. அயலார் என்று ஒருவர் உள்ளவரை நம் அச்சம் முழுமையாக அகலாது. வாசலில் நிற்பவரை உள்ளே அழைப்பது அவருக்கு நாம் செய்யும் உபகாரம் மட்டுமன்று. அவர் இரண்டாமவர் அல்லர் என்பதை நாம் கற்கும் பாடமும் அதுவே. அப்பாடம் நடக்கும் கூட்டம் யோகமாகும். அது கூடும் இடம் அம்பலமாகும்.

சிந்தனைக்கு

1. அச்சம், மகிழ்ச்சி, கடமை, ஞானம் ஆகிய நான்கில், நான் சத்சங்கத்துக்கு வரும் முதன்மையான காரணம் எது?

2. சென்ற ஓராண்டில் நம் மையத்துக்கு வந்து, பின்னர் வராமல் நின்றவர்கள் யார்? அவர்களில் ஒருவரையேனும் சென்று கண்டோமா?

3. குருதேவர் 1916-இல் விலகியதற்கும் 1924-இல் சர்வமத சம்மேளனத்தைக் கூட்டியதற்கும் உள்ள தொடர்பை ஆராய்க.

4. அடுத்த சத்சங்கத்தில் வாசலில் விட்டு வர வேண்டிய ஒன்றை ஒவ்வொருவரும் தமக்குள் தீர்மானித்துக்கொள்க. அதனைப் பிறரிடம் கூற வேண்டியதில்லை.